பதினோரு மணிக்கு விடியும் வீடு

அன்பு மைத்துனருக்கு,

நான் நலம். அங்கே நீங்களும், உங்கள் அக்காவின் கோபமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். காலை வெயிலில் உட்கார வேண்டும் என்பது உங்கள் அக்காவின் ஒரே ஆசை. அதற்காக வரைபடத்தை மேசையில் விரித்து, கிழக்குப் பார்த்த இந்த வீட்டை நேரில் பாராமலே வாங்கினேன். வாசலுக்கு எதிரே ஆறு, ஆற்றுக்கு அப்பால் ஒரு மலை. வரைபடத்தில் அது தட்டையாகத்தான் இருந்தது! வரைபடத்தின் சம உயரக் கோடுகளை எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளை அடித்துச் சொல்லிக்கொடுத்த நான், எண்ணவில்லை. சூரியன் அந்த மலையை ஏறி இறங்கி எங்கள் வாசலுக்கு வரப் பதினோரு மணி ஆகிறது. "பூகோள வாத்தியார் கிழக்கையே தொலைச்சுட்டாரு"ன்னு சொல்லிட்டு, வந்த மறுநாளே பெட்டியோட பஸ் ஏறினாங்க உங்க அக்கா. பத்து நாளாச்சு.

துணி காயல, தீப்பெட்டி நமுத்துப்போச்சு. ஆத்துலேருந்து மூடுபனி எழும்பி ஜன்னல் வழியா வந்து அவ நாற்காலியில உக்காருது, நானும் எழுப்பறதில்ல. போன் பேசணும்னா ஆத்து நடுப்பாறைக்குப் போகணும். போய் நின்னா, தண்ணி மலையடியில வளைஞ்சு போற அழகுல எதுக்கு வந்தோம்னே மறந்துபோகுது. அப்படி மறந்து நின்னதுல நேத்து போன் ஆத்தோட போச்சு, அதான் கடிதம். மனசு பொறுக்காம மலையைப் பார்த்து "தப்பு என்மேலதான்"னு கத்தினேன். மலையும் அதையே சொல்லுது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம், மன்னிக்கத்தான் ஆளில்லை. இடம் மோசம்னு சொல்ல ஆசைதான். ஆனா அழகா இருக்கே! பக்கத்துல அவ இல்லாம இதையெல்லாம் யாருக்குக் காட்டுவேன்?

ஆகவே வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். மாடி அறையை ஒழித்துவையுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் அத்தான்

பின்குறிப்பு: மாடி அறை வேண்டாம். உறையை ஒட்டும்போது விடிகாலைப் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கிவிட்டாள். என் போன் கிடைக்காததால் பயந்து, நீங்கள்தான் ஏற்றிவிட்டீர்களாம். என்னைத் திட்டிக்கொண்டே போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள். மேற்கே என்ன விடியப்போகிறது என்று பத்து நாளாய் நான் திறக்காத கதவு அது. கொல்லைக்கு அப்பால் மேற்கு மேட்டின் உச்சியில், வாசல் மலையைத் தாண்டி வந்து விழுந்த வெயில், ஏழு மணிக்கே! மரம் மரமாக எங்களை நோக்கி இறங்கி வருகிறது. "வெயில் வர்ற வழியெல்லாம் தெரியுதே" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளுடைய கம்பளியை அனுப்பிவையுங்கள். பதினோரு மணிவரை குளிர்கிறது.