தொப்பியும் சேர்த்தால்

அன்புள்ள எவுசேபியா சித்திக்கு,

இல்லை, அம்மாவின் இடம் காலியாகவில்லை. முன்வரிசை, வலது ஓரம். ஜூன் ஊர்வலத்தில் அங்கே ஆடப்போவது அவள்தான். பின்வரிசையில் இருபது வருடம் நின்று பெற்ற இடம். அந்த இடத்தில் நீங்களே ஆடுவதற்காக ஓரூரோ நகரில் பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. நிறுத்தச் சொல்லுங்கள். மற்றபடி இங்கு அனைவரும் நலம்.

போன வருடம் ஊர்வலம் மேடேறும்போது ஆடியவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார். அதனால் நடனக் குழு புது விதி போட்டது: பி.எம்.ஐ. முப்பதுக்குக் கீழே இருந்தால்தான் முன்வரிசை. சான்றிதழ் வாங்க அம்மாவோடு போனேன். மருத்துவ நிலையத்தில் நர்ஸ் யொவான்னா, "பாவாடைங்களைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்றாள்.

"நான் என்ன சோளக்கதிரா, உரிச்சுப் பாக்க?"

அடுக்கடுக்கான பாவாடைகளை உரிக்காமலே அம்மா எடைக் கருவியில் ஏறினாள். எழுபத்தாறு கிலோ. தலையிலிருந்த உயரமான தொப்பியை மட்டும் கழற்றினாள். உயரம் ஒன்றரை மீட்டர். கணக்கு முப்பத்துமூன்றைத் தாண்டியது.

"எப்படிடீ போட்டா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும் என்றேன்.

"ரெண்டு தடவையா? குட்டையாப் பொறந்ததுக்கு ரெட்டைத் தண்டனையா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உயரம் கூடினா லாபமும் ரெட்டைதானே?"

தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொண்டு அளவுகோலின் கீழே போய் நின்றாள்.

"அம்மா, அது தொப்பி" என்றாள் யொவான்னா.

"பாவாடையை எடையில சேத்தேல்ல? தொப்பியை உயரத்துல சேக்க மாட்டியா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

வரிசையில் நின்ற உருளைக்கிழங்கு வியாபாரி கத்தினார்: "அளந்து விடு தாயி, என் கடை தெறந்து கிடக்கு!"

யொவான்னா அளந்தாள். பத்து சென்டிமீட்டர் கூடியது. இருபத்தொன்பது புள்ளி ஏழு. சான்றிதழில் முத்திரை விழுந்தது. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்பவள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆலங்கட்டி மழை உங்கள் கூரையை விட்டு விலகிப் பெய்யட்டும். சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
நயரா

பின்குறிப்பு: மனம் கேட்கவில்லை. அம்மா குளிக்கப் போனபோது பாவாடைகளை எடுத்துப்போய்ச் சந்தைத் தராசில் போட்டேன். ஒன்பது கிலோ. எடையில் அதையும் உயரத்தில் தொப்பியையும் கழித்துப் பார்த்தேன். இருபத்தொன்பது புள்ளி எட்டு. உரித்திருந்தாலும் தேறியிருப்பாள். அவளிடம் சொன்னேன்.

"பாவாடை இல்லாம நிக்கிறவள யாருடீ ஆடக் கூப்பிட்டா?" என்றாள்.

தொப்பியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.