கீழநெடுங்கரையின் ஏழு குன்றுகள்

மலையும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் சூழ்ந்த அமைதியான சாலைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டினால் நாட்டின் இதயம் சீராகத் துடிக்கும் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் மலை மாவட்டத்தில் இருந்தவராம். ஆனால் சுற்றறிக்கை என்பது சமத்துவம் அறிந்தது. ஒவ்வொரு கிராமமும் தன் எல்லைக்குள் ஒரு ‘அமைதி மிதிவண்டிப் பாதை’யைப் பத்து நாளுக்குள் அடையாளம் காட்ட வேண்டும் என்று அது திருவாரூர்ப் பக்கத்துக் கீழநெடுங்கரைக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வூர்க் கிராம நிர்வாக அலுவலர் குணசேகரன் படிவங்களுக்கு அஞ்சுபவர் அல்லர். பதினாறு ஆண்டுப் பணியில் யானைகள் கணக்கெடுப்புக்கும் பனிப்பொழிவுச் சேத அறிக்கைக்கும் ‘இன்மை’ என்று எழுதி நல்ல பெயர் வாங்கியவர். ஆனால் இது கணினிப் படிவம். ‘பள்ளத்தாக்கு’ என்ற கட்டத்தில் வெண்ணாறு என்று போட்டார். ஆண்டில் ஏழு மாதம் அது பள்ளமாகத்தான் கிடக்கிறது. ‘குன்றின் பெயர்’ என்ற கட்டத்தில்தான் சிக்கிக்கொண்டது. இன்மை என்றால் கணினி ஏற்கவில்லை. கோடு போட்டால் சிவப்பாகச் சிரித்தது.

ஊரிலே உயரம் என்று சொல்ல ஆற்றங்கரை உண்டு. அதில் ஏறி நின்றாலும் எதிர் வீட்டு மாடிக் கொடியில் காயும் துணிதான் தெரியும். யோசித்தபடி கரைச்சாலையில் நடந்தவர், கொள்முதல் நிலைய வாசலில் நின்றுவிட்டார். அங்கே செந்தாமரை தன் குறுவை நெல்லைக் கூம்பாகக் குவித்து, ஒட்டுப்போட்ட படுதாவால் மூடி, பன்னிரண்டு நாளாகக் காவல் இருந்தாள். நிலையத்தில் சாக்கு வந்தால் லாரி இல்லை, லாரி வந்தால் சாக்கு இல்லை. ஐப்பசி மேகம் கிழக்கே கூடிக்கொண்டிருந்தது.

“என்ன சார், எதைத் தொலைச்சிட்டுத் தேடுறீங்க?”

“மலையைத்தான் அக்கா. ஒரு மலை வேணும்.”

“இத எழுதிக்குங்களேன். யாரும் அசைக்க மாட்டேங்கிறாங்களே, மலைதானே?”

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். படிவம் கேட்டது கடல் மட்டத்திலிருந்து உயரம். தரை ஏழு மீட்டர், நெல் ஒன்றரை மீட்டர், ஆக எட்டரை. இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை என்று குணசேகரன் தமக்குத் தாமே சான்றளித்துக்கொண்டார். யார் படிக்கப் போகிறார்கள்?

நான்காம் நாள் ‘செந்தாமரைக் குன்று’ அங்கீகரிக்கப்பட்டது. ஐந்தாம் நாள் குன்றுகளை மழை அரிப்பிலிருந்து காக்கும் நிதியில் புத்தம் புதுத் தார்ப்பாய் ஒன்று வந்து இறங்கியது. நெல்லாக இருந்தவரை அதற்கு அரசாங்கத்தில் ஒரு முழத் துணி கொடுப்பாரில்லை.

வார இறுதியில் தஞ்சாவூரிலிருந்து மிதிவண்டிக்காரர்கள் வந்தார்கள். தோலோடு தைத்தாற்போல் உடை, மண்டையில் ஓட்டை போட்ட தொப்பி, கையில் நாடித்துடிப்பு எண்ணும் கடிகாரம். வண்டிகளைக் கார் முதுகில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

“சைக்கிளுக்கு நடக்க முடியலையாமா, பாவம்?” என்றாள் செந்தாமரை.

அவர்கள் குன்றை மும்முறை சுற்றி, ஏற்றம் சவாலாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை குணசேகரன் வீட்டு வாசலில் மீரா உசேன் நின்றார். மஸ்கட்டில் இருபது வருடம் ஏசி பழுது பார்த்துவிட்டு வந்து, மூன்று ஏக்கர் குறுவை போட்டவர்.

“சார், என் குவியல் செந்தாமரை குவியலைவிட ஒரு முழம் ஒசரம். அதை மட்டும் குன்றுன்னு போட்டிருக்கீங்க. நான் என்ன பள்ளமா?”

“பாய், அது ஒரு அவசரத்துக்கு…”

“எனக்கும் அவசரந்தான் சார். மழை வருது. தார்ப்பாய் வேணும்.”

நியாயம் நியாயந்தான். அவருக்கு ஒன்று எழுதினார். அதைக் கேள்விப்பட்டு மேலும் ஐந்து பேர் வந்தார்கள். குன்று இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள் போல ஊர் ஆகிவிட்டது. ஒரே வாரத்தில் கீழநெடுங்கரைக்கு ஏழு குன்றுகள் அமைந்தன. ஏழுக்கும் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

அப்போதுதான் நிலையத்தில் சாக்கும் லாரியும் ஒரே நாளில் வந்து சேரும் அதிசயம் நிகழ்ந்தது. செந்தாமரை முறத்தோடு ஓடினாள். பட்டியல் எழுத்தர் ஈரப்பதம் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“அக்கா, பலகையைப் பாருங்க. இது குன்று. குன்றைத் தராசுல வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

“நெல்லுய்யா! அள்ளிப் பாரு!”

“கையில நெல்லுதான். கம்ப்யூட்டர்ல குன்று. நான் சம்பளம் வாங்குறது கம்ப்யூட்டர்ல.”

செந்தாமரை குணசேகரனிடம் வந்து நின்றாள். இம்முறை கேலி இல்லை. “மக காலேஜுக்கு இதைத்தான் நம்பியிருக்கேன் சார். எழுதினது நீங்க. நீங்களே அடிச்சுடுங்க.”

அன்றே அவர் மிதிவண்டிப் பாதைத் திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பு அலுவலர் எழில்மொழியைப் பார்க்கப் போனார். மேசைக்குப் பின்னால் மாவட்டப் படம் தொங்கியது. அதில் கீழநெடுங்கரை மட்டும் பழுப்பு நிறத்தில் மேடிட்டிருந்தது.

“மேடம், அந்தக் குன்றுகளை எடுத்துடணும்.”

“குன்றை எடுக்கிறதா? வெடி வைக்கப் போறீங்களா?”

“இல்லைங்க மேடம். அது… உண்மையில நெல்லு.”

எழில்மொழி பேனாவை மூடினார். “அப்படின்னா ஏழு பொய்ச் சான்று கொடுத்திருக்கீங்க. எழுதிக் கொடுங்க, மேலே அனுப்பிடறேன். நெல்லா, குன்றா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க.”

குணசேகரனுக்கு ஓய்வு பெற எட்டு ஆண்டு இருந்தது. மின்விசிறி ஏழு சுற்றுச் சுற்றும் நேரம் யோசித்தார்.

“குன்றுதாங்க மேடம்.”

“அதானே.”

ஆனாலும் அவர் மனசாட்சி உள்ளவர். பேருந்தில் திரும்பும்போதே ஒரு வழி கண்டுபிடித்தார். பொய்யும் சொல்லாமல், உண்மையிலும் மாட்டிக்கொள்ளாமல் ஒரு மனு எழுதினார்: ‘மேற்படி ஏழு குன்றுகளில் மேற்படி விவசாயிகளின் விளைபொருள் தேங்கிக் கிடப்பதால், லாரி அனுப்பி ஆவன செய்யுமாறு பணிந்து கோரப்படுகிறது.’ நெல் என்ற சொல்லை மிக நயமாகத் தவிர்த்திருந்தார். இரண்டு முறை படித்துவிட்டுத் தம் தமிழை மெச்சிக்கொண்டார்.

மனு மேலே போனது. மழை கீழே வந்தது.

ஒரு கிராமத்தில் ஏழு குன்றுகளும் ஒரு பள்ளத்தாக்கும் இருந்தால் அது மலைப்பகுதி. மலைப்பகுதியில் நெல் விளையாது. நெல் விளையாத ஊருக்குக் கொள்முதல் நிலையம் எதற்கு? ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. தராசையும் சாக்கையும் ஒரு டிராக்டரில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். அமைதிப் பாதை என்பதால் ஹாரன்கூட அடிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தூறலில் ஒரு லாரி கரைச்சாலையில் திரும்பியது. செந்தாமரைதான் முதலில் பார்த்தாள். “லாரி! சார், உங்க மனுவுக்கு லாரி வந்துடிச்சு!” ஊரே ஓடியது. குணசேகரனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த ஒரு நிமிடம் அவர் தம் பதினாறு ஆண்டுப் பணியை நினைத்துப் பெருமைப்பட்டார்.

ஓட்டுநர் பின்கதவைத் திறந்தார். உள்ளே தேயிலைக் கன்றுகள். மலைவாழ் விவசாயிகளுக்கு விலையில்லாமல், குன்று ஒன்றுக்கு ஐம்பது. ‘தண்ணீர் தேங்காத சரிவில் நடவும்’ என்று ஒவ்வொரு கன்றுக் கட்டின் மேலும் அட்டை தொங்கியது.

“திரும்பிப் போறப்ப காலியாத்தானே போவீங்க? இந்த நெல்லை ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே” என்றாள் செந்தாமரை.

“எங்கம்மா நெல்லு?”

அவள் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினாள். இத்தனை நாள் வெயிலும், மழை ஈரமும், பலகையும், மனுவும் எல்லாம் சேர்ந்து உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சையாக முளைத்திருந்தது.

“அடேயப்பா, நல்ல பசுமையான குன்று” என்றார் ஓட்டுநர்.

குணசேகரன் செந்தாமரையின் முகத்தைப் பார்க்காமல், கன்று வாங்குவோருக்காக ஓட்டுநர் நீட்டிய கையெழுத்துப் பட்டியலைப் பார்த்தார்.

அதற்குள் லாரிக்குப் பின்னால் வரிசை வளர்ந்துவிட்டது. மீரா உசேன் முதல் ஆளாகக் கன்றுக் கட்டு ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குன்று கிடைக்காத வீட்டுக்காரர்கள், இது என்ன பாரபட்சம், நாங்கள் இந்த ஊர் மலைவாசிகள் இல்லையா என்று கூச்சல் போட்டார்கள். செந்தாமரை தார்ப்பாயைக் கீழே விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய் வரிசையில் நின்றாள். தன் கன்றுக் கட்டு கைக்கு வந்ததும் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு எழுந்து, நாற்பத்தொன்பதுதான் இருக்கிறது, ஏழை என்றால் இளப்பமா என்று லாரியை மறித்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.