மாமியின் எடை பதினாலு பேருக்குத் தெரிந்த விதம்

கல்முனை,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

கண்ணியத்துக்குரிய மாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் வீட்டில் பதினொரு வருடமாக உங்கள் கையால் சாப்பிட்டுவரும் மூத்த மருமகன் முர்ஷித் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நஸீறாவும் பிள்ளைகளும் சுகம். மச்சினி ஸுஹைறாவும் சுகம், ஆனால் என்னோடு கதைப்பதில்லை. கோழிகள் சுகம். பாலமுனையில் றவூப் மச்சானுடைய வீட்டில் நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன், அங்கேயே இருந்துவிடும் அளவுக்குச் சுகம் வேண்டாம் என்றும் சேர்த்துக் கேட்கிறேன். இதைப் போனில் அனுப்பாமல் கையால் எழுதி உறையை ஒட்டி அனுப்புவதன் காரணம் உங்களுக்கே தெரியும். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். வாசித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல நீங்கள் அன்றைக்கு என்னை விடவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். ஒப்பரேஷன் நேரம் ஆளை மயக்குகிற வேலையில் உதவிக்கு நிற்கப் பழகவென்று எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பதினாலு தாதி மாணவர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான்தான் பொறுப்பு. அதில் ஒருத்தி றிப்னா, நம்முடைய ஸுஹைறாவுக்குப் பேசி வைத்திருக்கிற இன்ஸாபின் தங்கச்சி. ஆளுடைய எடைக்கு எந்த மருந்து எவ்வளவு என்று பார்ப்பதற்குப் பதினாலு பேரும் ஆளுக்கொரு செயலியைப் போனில் வைத்திருந்தார்கள், ஒன்று சொல்கிற அளவை மற்றது சொல்லாது. மயக்க மருந்து டொக்டர் என்னைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைத் தெரிவு செய்து கொடுங்கள் முர்ஷித் என்றார். அந்தப் பெருமையில் எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஐந்து செயலிகளை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செயலியை வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அழகுதான், ஒரு நோயாளியைக் கொடுத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும், அதுவும் ஐந்துக்கும் ஒரே ஆளைக் கொடுக்க வேண்டும். முதலில் என்னுடைய உம்மாவைத்தான் நினைத்தேன். மாமி, வெட்கத்தோடு சொல்கிறேன், அவ எத்தனை கிலோ, என்ன குளிசை போடுறா, எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம் முடித்த நாளில் இருந்து நம்மட ஊர் வழக்கப்படி நான் உங்கட வீட்டில்தானே இருக்கிறேன். உங்களைப் பற்றிக் கேட்டால் யோசிக்கத் தேவையில்லை. வயது அறுபத்தொன்று, எடை தொண்ணூற்றிரண்டு, பிரஷர் குளிசை காலையில் ஒன்று, சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் இனிப்பு வட்டிலப்பம் இருக்கிற சட்டியின் மூடி சரிந்து கிடக்கும், முன்பல் மூன்றும் கட்டின பல், அது றவூப் மச்சானுக்கே தெரியாது. செயலி கழுத்துச் சுற்றளவு கேட்டது, பெருநாளைக்கு உங்களுக்குச் சங்கிலி செய்யவென்று நஸீறா நூலால் அளந்து வைத்தது கைவசம் இருந்தது. குறட்டை உண்டா என்று கேட்டது. உண்டு. இடையில் மூச்சு நிற்பதுண்டா என்று கேட்டது. அதற்கும் பதில் என்னிடம் இருந்தது. பகல் சாப்பிட்டுவிட்டு நீங்கள் தூங்கும்போது ஒரு இடத்தில் சத்தம் நிற்கும், நான் விறாந்தையில் இருந்து பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருப்பேன், திரும்ப வந்தால்தான் பேப்பரைக் கையில் எடுப்பேன். இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, செயலியிடம்தான் சொன்னேன்.

முதல் செயலி இன்டர்நெட் இல்லாவிட்டால் வாய் திறக்காது, எங்கட ஒப்பரேஷன் தியேட்டர் சுவருக்குள் சிக்னல் வராது. இரண்டாவது உங்களைக் கிலோவில் இல்லாமல் இறாத்தலில் கேட்டது, மாற்றிப் போட்டதில் இருநூற்றிமூன்று வந்தது, எனக்கே பயமாகிப்போச்சு. மூன்றாவது, மருந்துகளுக்கு நம்மட போத்தலில் இல்லாத பெயர்களைச் சொன்னது. நாலாவது இடைக்கிடை சவர்க்கார விளம்பரம் போட்டது. ஐந்தாவதுதான் மாமி, கிலோவில் கேட்டு, இன்டர்நெட் இல்லாமலே கணக்குப் பார்த்து, இந்த ஆளுடைய மூச்சுக்குழாய் கஷ்டமானது, தனியே கை வைக்க வேண்டாம் என்று சிவப்பில் எழுதியது. அந்தச் சந்தோசத்தில் செயலியை எல்லாருக்கும் அனுப்புவோமென்று பகிர்கிற இடத்தை அமத்தினேன். மாணவர்களின் குறூப்புக்குச் செயலி போகல்ல, கட்டின பல்லில இருந்து குறட்டை வரைக்கும் நீங்க போனீங்க. மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் நான் என்ட கையால போட்டிருந்தது, 'மாமி'.

அழிப்போமென்று பார்க்கிறதுக்குள்ள பிள்ளைகள் அதைப் பாடமெண்டு எடுத்திட்டாங்க. பதினாலு பேரும் உங்களை மயக்கிறதுக்கு வழி எழுதி அனுப்பினாங்க. ஒருத்தர் மருந்தைக் குறைக்கச் சொன்னார், ஒருத்தி கட்டின பல்லை முதல்ல கழட்டி வைக்கச் சொன்னா, ஒருத்தர் தலைமாட்டை உயர்த்தி ரெண்டு பேர் நிற்க வேணுமெண்டு எழுதினார். குறூப்பில டொக்டரும் இருக்கார். நல்ல கஷ்டமான ஆளாகப் பார்த்துத் தெரிவு செய்திருக்கிறீங்க எண்டு என்னைப் பாராட்டினார். ஆகத் திறமான பதில் றிப்னாடதான், அந்தப் புள்ள பதிலை உம்மாவிட்டயும் காட்டியிருக்கு.

மறுநாள் இன்ஸாபின் உம்மா கோல் எடுத்தா. ஸ்பீக்கர்ல போட்டன், நீங்களும் பக்கத்தில நிண்டீங்க. பொம்புள பார்க்க வந்த அண்டு கதிரையில இருக்க முன்னமே நம்மட குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாவே, "இவ மருமகளைப் பார்க்க வந்தாவா, மீற்றர் வாசிக்க வந்தாவா" எண்டு நீங்க குசினியில சொல்லி நாம சிரிச்சமே, அதே மனிசிதான். ஸலாம் சொல்லி, மழையை விசாரிச்சு, மெதுவா ஒண்டு கேட்டா.

"மாப்பிள்ளைக்கு எண்டு பெயின்ட் பூசுற அறை, உங்கட மாமிட அறைக்குப் பக்கத்திலயா மகன்?"

கல்யாணம் இதோட முறிஞ்சிது எண்டு ஸுஹைறா அழுதுகொண்டு உள்ள போனா. நீங்க அழல்ல. குறூப் விசயத்தை நான் பாதி சொல்லும்போதே பையை எடுத்துச் சேலைத் தலைப்பைச் சரி செய்து, வாசலில் நின்று, "நான் கிடக்கிற கிடையையும் எழுதி அனுப்பிட்டீங்களே மருமகன்" என்றீர்கள். பதினொரு வருடமாக என்னை ஒருமையில் கூப்பிடாத நீங்கள் அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மகனுடைய பெண்சாதி வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவது கௌரவமில்லை என்று சொல்கிற நீங்கள் அங்கே போய் ஒன்பது நாளாகிறது. நோயாளியின் கதை தியேட்டர் கதவைத் தாண்டக் கூடாது என்று மாணவர்களுக்கு முதல் நாள் வகுப்பெடுத்தவன் நான். இந்த ஒன்பது நாளும் அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் கரும்பலகையோடுதான் கதைத்தேன். மாமி, நான் வெட்கப்படுகிறேன். உங்களை அறிந்து வைத்திருந்தது பிழையில்லை, அதை வெளியில் விட்டதுதான் பிழை.

இன்றைக்கு றிப்னாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். கேட்டால் விசயம் தலைகீழ். அவங்கட வாப்பாவும் குறட்டைதானாம், சின்ன வயதில் இருந்தே அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இன்ஸாபுக்கு நித்திரை வராதாம். அதனால்தான் பக்கத்து அறையா என்று அந்த உம்மா கேட்டிருக்கிறா, பக்கத்து அறையாகவே கொடுக்கச் சொல்லத்தான். கல்யாணம் முறியவில்லை மாமி. முறிந்தது உங்கட மனம் மட்டும், அது என்னால்.

செயலியில் இருந்து உங்களை அழித்துவிட்டேன், இப்போது அதில் இருப்பவர் இல்லாத ஊர் அப்துல் ஸமட், எழுபது கிலோ, பல்லெல்லாம் சொந்தப் பல். இனி உங்களைப் பற்றி ஒரு எழுத்துக்கூட என் கையால் வெளியே போகாது, இது சத்தியம். வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டோ கொண்டு வருகிறேன், வாருங்கள். பகலில் விறாந்தையில் சத்தமில்லாமல் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் துஆ செய்துகொண்டு, உங்கள் கைத் தேத்தண்ணி கிடைக்கும் வரை வெறும் தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்,
மருமகன் முர்ஷித்.

பி.கு.: உறையை ஒட்டின பிறகுதான் கண்டேன், உங்கட வாசிக்கிற கண்ணாடி இங்கே பிரிஜ்ஜுக்கு மேல் கிடக்கிறது. திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மச்சான் கடலில் இருப்பார், அவருடைய பெண்சாதி வாசித்தால் பாலமுனை முழுக்கக் கேட்கும். ஆகவே இன்றைக்குப் பாலமுனை வழியாக வீட்டுக்குப் போகிற றிப்னாவிடமே கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லும் விடாமல், சத்தமாக வாசித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். நம்பிக்கையான பிள்ளை.

றிப்னா தங்கச்சி, உங்கட உம்மா குழாயைத் திறந்த இடம் வந்தால் அதை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடுங்கள்.