நாட்டாமைக்கு வந்த குதிரை

பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். கண்டி ஹாட்வெயார் கடை முதலாளி மோகனராஜ் கறுப்பையாவுக்குத் தரவேண்டிய கூலி. கறுப்பையா அந்தக் கடையின் நாட்டாமி. மூட்டை தூக்குகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். தெல்தெனியவில் ரோடு போடும் சீனர்களின் முகாமில் சீமெந்து இறக்கியபோது, இரண்டு மூட்டை குறைகிறது என்று அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். அன்றோடு கூலி நின்றது. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் அவன் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகியது. கடையில் கூரைத் தகரம் அடுக்கிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

அந்த முகாமிலிருந்து சுவரில் மாட்டும் ஒரு படச்சுருள் வந்தது. உறையில் தமிழ். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த கறுப்பையா ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

"க...டை... நாட்...டா...மை...க்கு. மொதலாளி, எனக்கா?"

மோகனராஜ் பிடுங்கினார். "நீ நாட்டாமிடா! இது நாட்டாமை. அப்படின்னா தலைவரு. ஒரே எழுத்துல ஒனக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் பாத்தியா?"

பிரித்தால் குதிரை. அதன் முதுகில் ஒரு குரங்கு.

"சீனக் குதிரை அதிர்ஷ்டம்டா. மாட்டு. காசு வந்ததும் ஒன் கூலியத் தர்றேன்."

மாட்டினான். சாயங்காலம் வரை ஓர் ஆணிகூட விற்கவில்லை.

"தலைய ரோட்டுப் பக்கம் வச்சா அதிர்ஷ்டம் வெளிய ஓடாதா? மாத்துடா, எருமை!"

எதிர்ச் சுவருக்கு மாற்றினான். குதிரை இப்போது உள்ளே பார்த்தது. குரங்கோ சரியாக முதலாளி உட்காரும் கதிரைக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

பெயிண்ட் வாங்க வந்த வாடிக்கைக்காரி சித்தி றலியா நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் கீறி ஈக்கிது மொதலாளி. மூக்கு மட்டும் ஒங்கடத விடச் சின்னது."

"அழிடா அந்தக் கொரங்க!"

கையில் கிடைத்த கூரைப் பெயிண்டை எடுத்து அழித்தான். குரங்கு போய், குதிரைக்குத் திமில் வந்தது.

"ஒட்டகம் எப்ப வந்த?" என்றபடி றலியா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சீன மேலாளரே வந்தார். கூடவே மொழிபெயர்க்கும் நிரஞ்சனி. மேலாளர் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. நிரஞ்சனியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"சீனத்துல 'குதிரை மேல'ன்னா 'உடனே'ன்னும் அர்த்தம்," என்றாள் நிரஞ்சனி. "குரங்குக்கும் பதவிக்கும் ஒரே சத்தம். சேத்துப் பாத்தா 'உடனே பதவி'. முகாம் ஸ்டோர் பொறுப்பையே ஒப்படைக்கத்தான் வந்தாரு. இஷ்டமில்லாமத்தான் அழிச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டாரு."

மோகனராஜ் எழுந்த வேகத்தில் கதிரை கவிழ்ந்தது. கணக்குக் கொப்பியை எடுத்துக் கறுப்பையாவின் பெயருக்குக் குறுக்கே கோடு கிழித்தார்.

"பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பது, இதோட தீந்துச்சு! என் பதவிய அழிச்சதுக்கு இவ்வளவோட விட்டேனேன்னு கும்புட்டுக்க."

கறுப்பையா நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சாரத்தில் தேய்த்தான்.

வாசல்வரை போன நிரஞ்சனி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமேண்ணே. மூட்டை குறையுதுன்னு சொன்ன ஆளுதான் வேணும்னு அவரு ஒத்தக்கால்ல நின்னாரு. ஒங்க பேரு எனக்குத் தெரியல. வெறும் நாட்டாமின்னு எழுத மனசு வரல, மரியாதையா இருக்கட்டும்னுதான் நாட்டாமைன்னு எழுதுனேன்."