ஐந்தாம் கேள்விக்குப் பசையக்கா சொன்ன பதில்

அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். நீங்களும் சுகம்தான் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. உடம்புக்கு முடியாதவரால் காகிதம் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்த முடியாது. வெல்டிங் பிடிக்கிற கை அல்லவா. அத்தையின் முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம்.

உங்கள் ஃபேக்டரி வாசலில் 'நியாயமான சம்பளம் மற்றும் வெகுமதித் திட்டம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், திங்கட்கிழமை ஒரு நிபுணர் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். "இதெல்லாம் எப்படிப் போடுவாங்க, என்ன கேட்டா என்ன சொல்லணும், நீ படிச்ச பொண்ணு, ஆபீசர் வேற, வெவரமா எழுது பாப்பா, ஷெட்டுல முப்பத்திரண்டு பேரும் உன் லெட்டருக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று முடித்திருந்தீர்கள். முப்பத்திரண்டு பேர் என்றதும் அந்த எண்ணை மறுபடியும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்த நேர்முகத் தேர்விலேயே என் பெயரை இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினார்கள்.

முதலில் ஒரு திருத்தம், மாமா. நான் ஆபீசர் இல்லை. அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில், பணியாளர் பிரிவில், சோதனைக் காலத்தில் இருக்கிற உதவியாள். ஆறு மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லையென்றால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். பெட்டிக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை. என் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் டம்ளரை என் கோப்புகளின் மேல்தான் வைக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை என்பதால் எனக்கு 'மியூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு நேர் எதிரே ஜெனரல் மேனேஜரின் கண்ணாடிக் கதவு. ஆறு மாதமாக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு பக்கம் திரும்பினால் சுவர். இந்த மேசைதான் என் தலையெழுத்தை எழுதியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே நியாயம் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் மெஷின் ஓட்டுகிற நான்கு பேர் வேலையை விட்டுவிட்டு எதிர்ச்சாரியில் இருக்கிற கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே சம்பளம் கூட. இந்தக் காரணம் வாசல் காவலரிலிருந்து டீ கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். மேலிடத்துக்கு மட்டும் தெரியாததால், அதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள்: 'தாங்கள் நியாயமாக நடத்தப்படுவதாக ஊழியர்களுக்குத் தோன்றவில்லை.' சம்பளத்தைக் கூட்டுவது ஒரு வழி, தோன்றுவதைக் கூட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு நிபுணர் கிடைக்கிறார்.

நிபுணர் வந்தார். கூர்மூக்கு ஷூ, மடிக்கணினி, எதற்கெடுத்தாலும் ஒரு புன்னகை. "ஆளுக்கு மதிப்பெண் கிடையாது, வேலைக்குத்தான் மதிப்பெண்" என்றார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு அறிவு வேண்டும், எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பொறுப்பு, சூடு, தூசி, சத்தம் எவ்வளவு என்று நான்கு வகையில் அளந்து, அந்தக் கூட்டுத்தொகைப்படி ஏழு படிகளில் சம்பளம். படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அப்போதுதான் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்க முடியாதாம். பொய் சொல்வானேன் மாமா, எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் வீட்டில் யாருக்காவது இப்படி அளந்து சம்பளம் போட்டிருக்கிறார்களா? கல்லூரியில் படித்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது.

படிவத்தில் ஐந்து கேள்விகள். ஐந்தாவது: 'நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் என்ன நடக்கும்?'

ஐம்பது படிவங்களையும் கொடுத்து வாங்குவது என் வேலை. ஜெனரல் மேனேஜரை எல்லோரும் 'பாத்துக்கலாம்' என்பார்கள். கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்ட ஒரே முழு வாக்கியம் அதுதான். படிவத்தை நீட்டியதும் அவர் அதை என் மேசையிலேயே திருப்பிப் போட்டார். "எனக்கெங்கம்மா நேரம்? நீயே எழுதிடு. நான் என்ன பண்றேன்னு தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கே?"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே பார்த்ததை எழுதினேன். பத்தேகாலுக்கு வருகிறார். யாராவது பிரச்சினையோடு போனால் கேட்டுக்கொண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பென்சிலால் டிக் அடித்திருக்கிற இடங்களில் கையெழுத்துப் போடுகிறார். அறையில் சூடு இல்லை, தூசி இல்லை. மத்தியானத்தில் மட்டும் கொஞ்சம் சத்தம், அது அவருடைய குறட்டை. ஐந்தாம் கேள்விக்கு: 'இந்த ஆறு மாதத்தில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின.' குத்தலாக எழுதியதில்லை மாமா, சத்தியமாக. லாரி கிளம்புகிற நேரம் என் பதிவேட்டில் இருந்தது, எடுத்து எழுதினேன்.

பின்கட்டில் பசை காய்ச்சுகிற அம்மாவை எல்லோரும் பசையக்கா என்பார்கள். பதினோரு வருடமாக அதே கொப்பரை முன்னால் நிற்கிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுத வராது. அவருடையதையும் நானே கேட்டு எழுதினேன். ஆவியில் என் மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை மூடிக்கொண்டது.

"அக்கா, இந்த வேலையை எங்க கத்துக்கிட்டீங்க?"

"பசைகிட்டதான். அது சொல்லும், கேட்டுக்கணும். விரல்ல தொட்டு இழுத்தா நூல் மாதிரி வரணும். அறுந்தா தண்ணி ஜாஸ்தி, முறுக்கிக்கிட்டா மாவு ஜாஸ்தி."

"கையில என்ன தழும்பு?"

"இதுவா? கொப்பரை குடுத்த போனஸ்."

"நீங்க ஒருநாள் வரலைன்னா என்ன நடக்கும்?"

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஒண்ணும் ஆகாது கண்ணு. பெட்டியெல்லாம் வாயைப் பொளந்துக்கும், அவ்வளவுதான். போன வருசம் காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டேன். ரெண்டு லாரி சரக்கு திரும்பி வந்துச்சு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல." அப்படியே எழுதிக்கொண்டேன்.

முடிவை அறிவிக்கக் கூட்டம். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூலையில் குறிப்பெடுக்க நான். நிபுணர் திரையைப் பார்த்து, "எல்லா வேலைகளிலும் அதிக மதிப்பெண் பெற்ற வேலை, பதினேழாம் எண்" என்றார். பணியாளர் பிரிவு மேலாளர் உடனே கைதட்ட ஆரம்பித்தார். இவருக்கு 'ஆமாஞ்சாமி' என்று பெயர். காரணம் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜெனரல் மேனேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டார். எந்த எண் எந்த வேலை என்ற பட்டியல் இருந்த உறையை நிபுணர் பிரித்தார். பதினேழு, பசை காய்ச்சுகிற வேலை. பாதி எழுந்தவர் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அந்தரத்தில் நின்றார். அவருடைய எண் நான்கு. மதிப்பெண் வரிசையில் அது வாசல் காவலுக்குக் கீழே, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மேலே இருந்தது. தொட்டி விஷயத்தில்கூட மயிரிழையில்தான் தப்பியிருந்தார்.

"ஃபார்முலால ஏதோ தப்பு இருக்கு" என்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்ட இரண்டாவது முழு வாக்கியம்.

"ஆமா சார், பெரிய தப்பு" என்றார் ஆமாஞ்சாமி.

"அளவுகோலைக் கொஞ்சம் சீர்செய்யலாம் சார்" என்று நிபுணர் புன்னகைத்தார்.

செருப்புக்காகக் காலை வெட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முதலில் சூடு, தூசி, சத்தத்துக்கான மதிப்பெண்ணை எடுத்தார்கள். பசையக்காதான் முதலில் நின்றார். அடுத்து உழைப்பை எடுத்தார்கள். "நாள்பூரா நிக்கறது ஒரு தெறமையா சார்? வெளக்குக் கம்பம்கூடத்தான் நிக்குது" என்றார் ஆமாஞ்சாமி. அப்போதும் பசையக்கா. சரி, அறிவுதான் முக்கியம், பட்டப்படிப்புக்கு இரட்டை மதிப்பெண் என்றார்கள். பசையக்கா ஒருவழியாகக் கீழே இறங்கினார். ஆனால் நான் மேலே வந்துவிட்டேன். ஜெனரல் மேனேஜரின் பட்டச் சான்றிதழ் கோப்பில் இல்லை. "வீட்ல இருக்கு" என்றார். எங்கே என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை, அந்த அளவுகோலும் போயிற்று. நான்காவதாக, 'முடிவெடுக்கும் சுமை' என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சுமையை எந்தத் தராசில் நிறுப்பது என்று ஒரு மணி நேரம் விவாதித்து, இப்போது வாங்குகிற சம்பளம் எவ்வளவோ அவ்வளவு சுமை என்று முடிவெடுத்தார்கள். உடனே எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஜெனரல் மேனேஜர் முதல் படி, பசையக்கா ஏழாம் படி. "இப்பத்தான் சார் சயின்டிஃபிக்கா வருது" என்றார் நிபுணர். அதிகச் சம்பளம் வாங்குகிறவருக்கே அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அன்று மாலை ஐந்தரை மணிக்கு அறிவியல்படி நிரூபணமாயிற்று.

சம்பளம் முதல் படிக்கு, வெகுமதி ஏழாம் படிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதாவது 'நட்சத்திர ஊழியர்' விருது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு தகர நட்சத்திரம், சுவரில் ஒரு போட்டோ, 'உங்களால்தான் நாங்கள்' என்று அச்சடித்த பீங்கான் கோப்பை ஒன்று. முதல் விருது பசையக்காவுக்கு. கோப்பைகளை வைக்க நம் கம்பெனிப் பெட்டியே செய்யலாம் என்று ஆமாஞ்சாமி சொன்னார். விழாவுக்கு முதல் நாள் பசையக்காவை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, மேடையில் எப்படி ஏறுவது, எப்படிச் சிரிப்பது, எந்தக் கையால் வாங்குவது என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்திவைத்தார்கள். நிற்பது ஒரு திறமையா என்று கேட்டவர்தான் அன்றைக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

விழாவில் ஜெனரல் மேனேஜர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் ஒசத்துங்க" என்றார். உயர்த்தினார். பெட்டியின் அடி திறந்துகொண்டது. 'உங்களால்தான்' ஒரு பக்கம், 'நாங்கள்' ஒரு பக்கமாகக் கோப்பை மேடையில் சிதறியது. பசையக்கா பதறவில்லை. பெட்டியை வாங்கி, அடி மடிப்பில் விரலை வைத்து இழுத்து, மோந்து பார்த்தார்.

"இது நேத்துப் போட்டது சார். நேத்து என்னை ஒத்திகைக்குக் கூப்பிட்டீங்கல்ல?"

"பரவால்ல, பாத்துக்கலாம்" என்றார் ஜெனரல் மேனேஜர்.

நேற்றுப் போட்ட மற்ற பெட்டிகள் அப்போது லாரியில் போய்க்கொண்டிருந்தன.

யார் தலையையாவது உருட்ட வேண்டுமே. நான்காம் எண் படிவத்திலும் பதினேழாம் எண் படிவத்திலும் ஒரே கையெழுத்து என்று ஆமாஞ்சாமி கண்டுபிடித்துவிட்டார். கூப்பிட்டு இரண்டையும் மேசையில் விரித்தார். "ஏம்மா, வாயில்லாப் பூச்சின்னு நெனச்சா இப்படிக் கடிச்சு வெச்சிருக்கியே!" என் வாயிலிருந்தும் எப்படியோ வந்துவிட்டது. "இதுல எது சார் தப்பு? சொல்லுங்க, திருத்திடறேன்." அவர் நான்காம் எண்ணை மேலிருந்து கீழ்வரை படித்தார், மறுபடியும் படித்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். திருத்த ஒரு சொல் அகப்படவில்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார்: 'மதிப்பெண்கள் அனைத்தும் தொடக்கத்தில் முடிவுசெய்த அளவுகோலின்படியே போடப்பட்டன' என்று ஆவணப் பொறுப்பாளராக நான் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் வேலை நிரந்தரம்.

போட மாட்டேன் மாமா. இது உறுதி. சனிக்கிழமை ஊருக்கு வந்துவிடுகிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்; நான் ஆபீசராக இருந்தது அவருக்குத்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

உங்கள் முப்பத்திரண்டு பேருக்கும் நான் சொல்வது இதுதான். வருகிற நிபுணர் சிரிப்பார், நம்பாதீர்கள். ஷெட்டில் ஒரு ஸ்டூல் ஆடும் என்பீர்களே, அதையே போடுங்கள். டீ ஆறிய பிறகு கொடுங்கள். மதிப்பெண் போடுவதற்கு முன்னாலேயே அளவுகோலை எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அளந்து முடித்த பிறகு கோலை மாற்றுகிறவனுக்கு நிபுணர் என்றா பெயர்? நம் தெருவில் அதற்கு வேறு பெயர் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் கண்ணையும் கையையும் நெருப்பு தொடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது; நாளைக்கே உங்கள் கைக்கு வர ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலே 'போட மாட்டேன்' என்று எழுதியதை அழிக்கப் பார்த்தேன், மை ஊறிவிட்டது. அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே இருந்து எடுத்தால் போதும் என்று ஜெனரல் மேனேஜர் கேட்டுக்கொண்டதால், "இந்தப் பொண்ணுக்குக் கவனிக்கிற தெறமை இருக்கு சார்" என்று புன்னகைத்து நிபுணர் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை அவர் சார்பில் உங்கள் ஃபேக்டரிக்கு வருகிற நிபுணர் நான்தான். எல்லோர் முன்னாலும் பாப்பா என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அந்த ஆடுகிற ஸ்டூலையே போடுங்கள், எனக்கு அதுதான் சரி. ஆனால் அளவுகோலை முதலில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள் மாமா, முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து சத்தமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் நான் ஒட்டித்தானே ஆக வேண்டும். கிளம்பும்போது பசையக்கா ஒரு டப்பாப் பசை கொடுத்தார். அவர் கையாலேயே காய்ச்சியது. ஒட்டினால் சுவரோடுதான் வருமாம்.