இங்கிலீஷ் செய்வினை

கமலவேணி தன் வீட்டு கேட்டுக்கு முன்னால் கிடந்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பியவர். கைப்பை தோளில் தொங்கியது, கார் சாவி கையில் இருந்தது. கால் மட்டும் நகரவில்லை.

பழத்தின் வயிற்றைக் கிழித்து, கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். தையலுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்கடுத்து ஒரு சிலுவை.

அடுத்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தாரணியும் அந்தப் பழத்தைப் பார்த்துவிட்டாள். அது அவளுடைய நோயாளி. முந்தின நாள்தான் அறுவை சிகிச்சை முடித்து, ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று வயிற்றிலேயே எழுதி, குப்பைத் தொட்டி வழியாக டிஸ்சார்ஜ் செய்திருந்தாள். தெருநாய் தொட்டியைக் கவிழ்த்திருக்க வேண்டும்.

எஸ்டிபிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த தாரணி, மருத்துவப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தாள். சட்டைப் பொத்தானைத் தைக்கச் சொன்னால் ஊசி குத்துகிறது என்பாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் யூடியூப் பார்த்து, டாக்டர்கள் போடும் முடிச்சோடு தைப்பாள். அவள் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சேர்த்திருந்த பிளாஸ்டிக் ரோபோக்கள் தட்டைச் சுற்றி நிற்கும். பெரியது தலைமை டாக்டர். கை ஒடிந்த குட்டி ரோபோவுக்கு மயக்க மருந்துப் பிரிவு.

கதவு சாத்தியிருந்தால் பிள்ளை படிக்கிறாள் என்று அம்மா மாரியம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். சாமிக்கு வைத்த பழங்கள்தான் உள்ளே கிழிபடுகின்றன என்பது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

தாரணி விளக்குமாற்றோடு ஓடினாள். பதற்றத்தில் விளக்குமாற்றை மறந்து வெறுங்கையால் பழத்தை எடுத்துவிட்டாள்.

கமலவேணி பழத்தைப் பார்த்தார். பிறகு, தாரணியின் விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைப் பார்த்தார்.

"தொட்டுட்டியா? வா, உங்கம்மாகிட்டச் சொல்லணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மாரியம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தார்.

தாரணிக்குப் பழம் மறந்துபோனது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று மூன்று தீபாவளி ஆகிறது. மாரியம்மா முறுக்கு நிரப்பிக் கொடுத்தனுப்பிய டப்பாவைக் கமலவேணி வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பிடி சீனியாவது போட்டிருக்கலாம் என்றார் மாரியம்மா. அது காதுக்குக் காது மாறி, பிச்சைக்காரி என்று சொன்னதாகக் கமலவேணிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து புக்கிட் காத்தில் ஊரின் அந்த வீட்டு வரிசையில் இரண்டு கேட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்ததில்லை.

வாசலில் கமலவேணியைக் கண்டதும் மாரியம்மா முகத்தை இறுக்கப் பார்த்தார். ஆனால் வாய் பழக்கதோஷத்தில் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு காப்பி போடாமல் இருக்க முடியுமா?

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தாரணி மாடிக்கு ஓடி, மிச்ச நோயாளிகளைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிவந்து செருப்பு அலமாரிக்குள் திணித்தாள். புறப்படும்போது கமலவேணி செருப்பைத் தேடி அலமாரியைத் திறந்தார். பை சரிந்தது. ஏபி நெகட்டிவ் உருண்டு வந்து மாரியம்மாவின் காலடியில் நின்றது.

"அக்கா, உங்க வீட்லயுமா?" என்றார் கமலவேணி.

மாரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உன் வாசல்ல கெடக்கலைன்னா நீதான் வச்சேன்னு நெனச்சிருப்பேன்லா கமலா" என்று உள்ளதைச் சொன்னார்.

உண்மையைச் சொல்லத் தாரணி வாயைத் திறந்தாள். ஆனால் அம்மாவின் கை கமலவேணியின் கையைப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று கமலவேணி வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது காப்பியில் டப்பா பற்றிய பேச்சும் வந்தது. அந்தத் தீபாவளி வாரம் கோலா சுங்கை பாருவில் இருந்த அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அடுப்பே மூட்டவில்லையாம். டப்பாவில் போட வீட்டில் ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நான்" என்று மாரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்காமல் விட்ட ஒரு வார்த்தை எத்தனை நாள் குறுக்கே நின்றுவிடுகிறது!

மாலையில் டுரியான் துங்காலிலிருந்து பூசாரி முனுசாமி வந்தார். ஏபி நெகட்டிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"இது நம்ம ஆளுங்க வேலை இல்ல. இங்கிலீஷ்ல செஞ்சிருக்காங்க" என்றார்.

பழத்தைத் தொட்ட பிள்ளை அமாவாசை வரைக்கும் பிரயாணம் போகக்கூடாது என்றும் சொன்னார். நேர்முகத் தேர்வு கோலாலம்பூரில், அமாவாசைக்கு முன்பே வந்தது. டாக்டர் படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும், பிள்ளை ஒன்றுதானே இருக்கிறது என்று மாரியம்மா முடிவு செய்துவிட்டார்.

தாரணி சாமி அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தேர்வுக்குப் போகலாம். ஆனால் கமலவேணி ஆண்ட்டி ஏமாந்ததாக நினைத்துக் கோபித்துக்கொண்டால், இப்போதுதான் திறந்த கேட் மறுபடி மூடிவிடும். இந்த ஒரு நாளில் அம்மா சிரித்த சிரிப்பை மூன்று வருஷமாக அவள் பார்த்ததில்லை. ஆனாலும் பொய்யின் மேல் உட்கார்ந்து டாக்டராகவும் முடியாது, மகளாகவும் முடியாது.

மறுநாள் காலை சமையலறையில் "அம்மா, அந்தப் பழம்..." என்று தொடங்கினாள்.

அதற்குள் கமலவேணி கிண்ணம் நிறையப் பாயாசத்தோடு உள்ளே வந்தார். பூசாரிக்கு போன் போட்டுப் பேசிவிட்டாராம். பிரயாணம் போகக்கூடாது என்றால் தனியாகப் போகக்கூடாது என்றுதான் அர்த்தமாம். தானே லீவு எடுத்துக் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். மாரியம்மாவும் துணைக்கு வரலாம், போகும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிடலாம்.

பிள்ளைக்காக யாரோ ஒருத்தி இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள் என்பதிலேயே மாரியம்மாவின் பயம் பாதி போய்விட்டது. மீதியைத் தேங்காய் பார்த்துக்கொண்டது.

நேர்முகத் தேர்வில், ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்த பதில் தாரணிக்கு வரவில்லை. பயந்துபோனவர் வீட்டுக்குள், பழைய கோபத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு நுழைகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருத்தியாக இருக்க ஆசை என்றாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியில் மாரியம்மா பின் இருக்கையில், திருநீற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தூங்கிப்போனார். தாரணி முன்னால் உட்கார்ந்து, கார் ஓட்டும் கமலவேணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை நல்ல மனசுக்கு உண்மையைத் தவிர வேறு எதைக் கொடுப்பது?

"ஆண்ட்டி, உங்க வாசல்ல கெடந்த பழம் இருக்குல்ல... அது வந்து..."

கமலவேணி கண்ணாடியில் ஒருமுறை பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்குப் போனதும் அதே மாதிரி இன்னொண்ணு தைச்சுக் குடும்மா. என் தங்கச்சி நளினியும் என்கூடப் பேசறதில்ல."