கண்மாய்க்கரையில் விமானச் சட்டம்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்மாய்க்கரை வளைவு வந்ததும் சனங்கள் இறங்கி நடப்பார்கள். டிரைவர் லத்தீப் பாய் பிஸ்மில்லா சொல்லி, வெறும் பஸ்ஸை வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார். மறுபடி ஏறிக்கொள்வார்கள். கரையோரம் தடுப்புச் சுவர் இல்லை என்பது சர்க்காருக்குத் தெரியாது. சனங்களுக்குத் தெரியும். அதனால்தான் உயிரோடு இருந்தார்கள்.

பூக்காரி முத்துப்பேச்சியின் மகள் நிறைமாசம். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவளால எறங்கி நடக்க ஏலாது சாமி, ஒரு சுவரு கட்டிக் குடுங்க" என்று மனுப் போட்டாள்.

சாலைப் பாதுகாப்பு ஸ்பெஷல் ஆபீசர் சூசைமாணிக்கம் வந்து சேர்ந்தார். மெட்ராசிலிருந்து மதுரைக்கு முதன்முதலாக ஆகாய விமானத்தில் வந்தவர். ஆள் இறங்கிவிட்டார், மயக்கம் இறங்கவில்லை.

"இங்கே சாலை விபத்து சொல்லி மாளாது. விமான விபத்து உண்டா? பூஜ்யம். ஆக, எது பத்திரம்?"

"நம்ம பக்கம் பிளேனே இல்லீங்களே" என்றார் லத்தீப் பாய்.

"இல்லாமலே இவ்வளவு பத்திரம் என்றால், இருந்தால் எவ்வளவு பத்திரம்?"

"சுவரு, சாமி?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஆகாயத்தில் சுவர் இருக்கிறதா அம்மா?"

அண்ணாந்து பார்த்தாள். இல்லைதான்.

உத்தரவு பிறந்தது. பொதுமக்கள் நலன் கருதி, பஸ்ஸிலும் விமான முறையே கைக்கொள்ளப்படும். காதுக்குப் பஞ்சு, வாய்க்குப் பெப்பர்மிண்ட், இடுப்புக்குத் திண்டுக்கல் தோல் வார். விமானத்தில் யாரும் நடுவழியில் இறங்குவதில்லை. ஆகவே கண்மாய்க்கரையில் இறங்குவது குற்றம்.

பெப்பர்மிண்ட் என்றதும் நாங்கள் சுவரை மறந்தோம். குஜிலியம்பாறையிலிருந்துகூட சோலியில்லாதவனெல்லாம் வந்து ஏறினான்.

முதல் நாள் ஆபீசரே முன் சீட்டில் உட்கார்ந்தார். வளைவு வந்தது. வாரை அவிழ்த்தார்.

"என்ன சார், எறங்குறீங்க?"

"நான் பயணி அல்ல, மேற்பார்வை. கீழே நின்றுதான் பார்க்க வேண்டும்."

பார்த்தார். பின் சக்கரம் கரையை விட்டது. கண்மாயில் தண்ணீர் வற்றி வெறும் சகதி, அதனால் உயிர்ச்சேதமில்லை. வாரில் தலைகீழாகத் தொங்கினோம். காதில் பஞ்சு இருந்ததால் ஒருத்தர் அலறல் ஒருத்தருக்குக் கேட்கவில்லை.

மறுவாரம் ஆபீசர் தமது முடிவை ஊர்க் கூட்டத்தில் வாசித்தார். கரையை விட்டதிலிருந்து சகதி சேரும் வரை மேற்படி பஸ் எந்தச் சாலையையும் தொடவில்லை, ஆகாயத்தில்தான் இருந்தது. எனவே இது சாலை விபத்தன்று.

"அப்ப பிளேன் விபத்துங்களா?" என்றார் லத்தீப் பாய்.

"பஸ் எப்படி ஐயா பிளேன் ஆகும்?"

எங்களுக்கு வலியெல்லாம் போய்விட்டது. ஆகாயத்தில் போனவர்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்டதே. கையில் கட்டோடு இருந்த நல்லுசாமி, தான் பறந்த சேதியைச் சொல்ல எரியோட்டுச் சம்பந்திக்கு அன்றைக்கே ஆள் விட்டான்.

முத்துப்பேச்சி மறுபடி மனுவோடு வீடு வீடாய் வந்தாள். "இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. சுவருக்கு ஒரு கைநாட்டு வையி அப்பு."

"உனக்கென்ன கிறுக்கா ஆத்தா" என்றான் நல்லுசாமி. "சுவரு வச்சுட்டா பெறகு எப்படிப் பறக்குறது?"